1/8000 நொடியில் ஒரு கதவைத் திறந்து மூட முடியுமா?

கேமராவில் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/8000 நொடி என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு நேரத்துக்குள் ஒரு பொருளைத் திறந்து மூடுவது நடக்கிற காரியமா, இல்லை சும்மா விளம்பரத்துக்குப் போடுகிறார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இன்னொருவர் கேட்டது வேறு மாதிரி: வெயிலில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி ஃப்ளாஷ் போட்டு எடுத்தால், முகத்தில் பாதிக்கு மட்டும்தான் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுகிறது, மீதி இருட்டாக இருக்கிறது, கேமரா கெட்டுவிட்டதா? கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் வெயில் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்துவிடுவோம். உச்சி வெயிலில் தரையில் விழுவது ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்குப் போட்ட வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது. கண்மணி சுருங்கியும் விரிந்தும், மூளை தன் பங்குக்குச் சரிக்கட்டியும் விடுவதால் இவ்வளவு பெரிய வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனிடம் இருப்பது மூன்றே மூன்று: லென்ஸின் துளை (அப்பர்ச்சர்), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ. துளை பெரிதானாலும், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நீண்டாலும், ஒளிக்கான உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் கூடினாலும் படம் வெளிச்சமாகும். துளையின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் துளை பெரிது.

வெயிலில் ஒரு வசதி உண்டு. மேகமில்லாத நாளில் சூரியன் ஓரளவு மேலேறிவிட்டால் அதன் வெளிச்சம் பெரிதாக மாறாது. அதை நம்பித்தான் ஃபிலிம் காலத்தில் ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாமலே படம் எடுத்தார்கள். துளை எஃப் 16 என்றால், ஐஎஸ்ஓ எண்ணைத் தலைகீழாகப் போட்டால் ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 100-க்கு 1/100, அல்லது பக்கத்தில் உள்ள 1/125. 'சன்னி 16' என்று பெயர். அங்கிருந்து துளையை ஒவ்வொரு படியாக (எஃப் 16, 11, 8, 5.6, 4, 2.8, 2, 1.4) திறக்கத் திறக்க வெளிச்சம் இரட்டிப்பாகும், நேரத்தைப் பாதியாக்க வேண்டும். எஃப் 8-க்கு 1/500. எஃப் 2.8-க்கு 1/4000. எஃப் 2-க்கு 1/8000. எஃப் 1.4 லென்ஸ் வாங்கிப் பின்னணியை அழகாக மங்கலாக்கலாம் என்று கிளம்பினால் 1/16000 கேட்கும், பெரும்பாலான கேமராக்களின் இயந்திர ஷட்டர் அங்கே கையை விரித்துவிடும். சரி, எஃப் 16-லேயே வைத்துக்கொள்ளலாமே என்றால் துளை சிறிதாகச் சிறிதாக ஒளி விளிம்பில் வளைந்து சிதறும். எஃப் 16-ல் ஒரு புள்ளி ஒளி, படம் பதியும் சில்லான சென்சாரில் சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகல வட்டமாகப் பரவிவிடுகிறது, ஒரு பிக்ஸலின் அகலமோ நாலைந்து மைக்ரான்தான். படம் லேசாக மழுங்கும். அதனால் வெயிலில் வேகமான ஷட்டரைத் தவிர்ப்பது கஷ்டம்.

இப்போது அந்த ஷட்டருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சென்சாருக்கு முன்னால் ஒரு கதவு இல்லை, இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை சென்சாரை மூடியிருக்கும். பொத்தானை அழுத்தியதும் அது மேலிருந்து கீழே ஓடி, சென்சாரைத் திறந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது திரை அதே திசையில் ஓடி மூடிவிடும். அந்த 'கொஞ்ச நேரம்'தான் ஷட்டர் வேகம். 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரைக் கடக்க ஒரு திரைக்கு ஏறக்குறைய 1/300 நொடி ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு 7 மீட்டர், மணிக்கு 26 கி.மீ. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் சைக்கிள் போகும் வேகம், அவ்வளவுதான்!

அப்படியானால் 1/8000 எப்படி? முதல் திரை பாதி வழிகூடப் போயிருக்காது, அதற்குள் இரண்டாவது திரை கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். அந்தக் கீற்று சென்சாரின் மேல் ஊர்ந்துகொண்டே போகும். எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அதன்மேல் 1/8000 நொடிதான் ஒளி விழுகிறது. ஆனால் முழுப் படமும் முடிய அதே 1/300 நொடி ஆகிறது. விளம்பரம் பொய்யில்லை. நாம்தான் 'முழுப் படமும் ஒரே சமயத்தில்' என்று சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.

இதற்குள் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. திரை நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் போகப் போக வேகம் கூடும். முன்னால் போகிற திரை முதலில் வேகமெடுக்கிறது, பின்னால் வருவது கொஞ்சம் தாமதமாக எடுக்கிறது, அதனால் கீற்று கீழே போகப் போக அகலமாகிவிடும். அகலமானால் கீழ்ப்பக்கம் அதிக வெளிச்சம் விழாதா? விழாது. அகலமான அதே விகிதத்தில் கீற்று வேகமாகவும் கடந்துவிடுகிறது. இரண்டு திரைகளும் ஒரே மாதிரி ஓடினால் போதும், நேரம் எல்லா இடத்திலும் தானாகச் சமமாகிவிடும். இதை முதலில் யோசித்த ஆள் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழவைக்கிறது. சென்சாரின் மேல்பக்கத்தில் இருப்பது ஆளின் கால். ஆகவே திரை மேலிருந்து கீழே ஓடும்போது முதலில் பதிவது கால், கடைசியில் தலை. நடக்கிற ஆளுக்கு இதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் போகும் கார் என்றால் அந்த 1/300 நொடிக்குள் 13 செ.மீ. நகர்ந்திருக்கும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லார்டீக் 1910-களில் எடுத்த பந்தயக் கார் படத்தைப் பார்த்திருப்பீர்கள், சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அப்போதைய ஷட்டர்கள் இன்னும் மெதுவானவை, சக்கரத்தின் மேல்பகுதி பதிவாகும் நேரத்தில் வண்டி முன்னே போய்விட்டது. கேமராவையும் வண்டியோடு சேர்த்துத் திருப்பியதால், சும்மா நின்ற வேடிக்கை பார்க்கிற ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

ஃப்ளாஷ் பிரச்சினை இப்போது தானாகப் புரியும். ஃப்ளாஷ் எரிவது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. 1/200, 1/250 வரை முழுச் சென்சாரும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு, அப்போது ஃப்ளாஷ் அடித்தால் எல்லா இடத்திலும் விழும். 1/1000-க்குப் போனால் சுமார் 7 மி.மீ. கீற்றுதான். ஃப்ளாஷ் அந்தக் கீற்றில் மட்டும் விழுந்து, மற்ற இடத்துக்கு வெயில் மட்டுமே மிஞ்சும். கேமராவோடு பேசிக்கொள்ளும் ஃப்ளாஷ் என்றால் கேமராவே 1/250-ஐத் தாண்ட விடாது. சாதா ஃப்ளாஷ் மாட்டியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். இதற்கு வழிகள்: எஃப் 11-க்குப் போவது, அல்லது எஃப் 2.8-லேயே இருந்துகொண்டு வெளிச்சத்தை 16-ல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுவது. 'ஹை ஸ்பீட் சிங்க்' என்று ஒன்றும் உண்டு, கீற்று கடந்து முடியும்வரை ஃப்ளாஷ் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் வலு நிறையக் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் ஃபில்டர்தான்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விடுவது என்பது பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வெயிலில் வெள்ளைச் சட்டை வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் மடிப்பை மீட்க முடியாது. பிக்ஸல் பிடித்துவைக்கக்கூடிய எலக்ட்ரான்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அது தாண்டி விழுந்த ஒளி கணக்கில் வராது. நிழல் பகுதியிலோ கொஞ்சமாவது பதிவாகியிருக்கும், புள்ளி புள்ளியாக இரைச்சலோடு என்றாலும் தூக்கி எடுக்கலாம். அதனால் வெயிலில் தயங்காமல் ஒரு படி குறைத்தே எடுங்கள், வெயிலில் சரியாகத் தெரியாத கேமராவின் டிஸ்ப்ளேயை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். முழுக்க வெண்மணலோ பனியோ என்றால் மட்டும் உல்டா, மீட்டர் அதைச் சாம்பல் என்று நினைத்து இருட்டாக்கிவிடும், கொஞ்சம் கூட்ட வேண்டும்.

போன் கேமராவில் இந்த ஷட்டர் திரைகளே கிடையாது. துளையும் பெரும்பாலும் மாறாது, எஃப் 1.8 என்றால் எஃப் 1.8-தான், ஆகவே வெயிலில் 1/2000, 1/4000 என்று அதுவாகவே ஓடிவிடும். வரிசை வரிசையாக பிக்ஸல்களைக் காலிசெய்வதுதான் அங்கே முதல் திரை, வரிசை வரிசையாக வாசிப்பது இரண்டாவது. எலக்ட்ரானிக் என்றால் வேகம் என்று நினைப்போம், ஆனால் பல சென்சார்களில் எல்லா வரிசையையும் வாசித்து முடிக்க 10, 20 மில்லிநொடி பிடிக்கும், உலோகத் திரையைவிட மெதுவு. மின்னலடிக்கும்போது எடுத்த போன் படத்தில் வானத்திலிருந்து தரைவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஒளித்தூண் நிற்பதும், அதை 'தெய்வ சக்தி, பகிருங்கள்' என்று அனுப்புவதும் இதனால்தான். மின்னல் அடித்த கணத்தில் எந்தச் சில வரிசைகள் திறந்திருந்தனவோ அவற்றில் மட்டும் வெளிச்சம் ஏறிவிட்டது. போனை நிமிர்த்திப் பிடித்தால் வரிசைகள் செங்குத்தாக நிற்கும், தூணும் நிற்கும். படுக்கவைத்துப் பிடித்திருந்தால் தெய்வமும் படுத்திருக்கும்.

இத்தனைக்கும் போனில் இருக்கும் 'சிமாஸ்' (CMOS) என்ற இந்த வகை சென்சார் 1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், விண்கலக் கேமராக்களைச் சின்னதாக்க எரிக் ஃபோசம் குழு செய்த வேலையிலிருந்து வந்தது. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. 'ராக்கெட்டுக்குக் கொட்டும் காசில் என்ன பயன்' என்று கேட்பவர்கள் அதைத் தட்டச்சு செய்வதும் அதே சென்சார் பொருத்திய போனில்தான்.

எல்லா பிக்ஸலும் ஒரே கணத்தில் பதிவாகும் 'குளோபல் ஷட்டர்' இப்போது வந்திருக்கிறது. 2023-ல் சோனி அறிவித்த ஏ9 III அதற்கு உதாரணம், 1/80000 வரை போகும், எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் பாதி விழாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250, கொஞ்சம் அதிகம். வாசிக்கும்வரை எலக்ட்ரான்களை ஒதுக்கிவைக்க ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் தனி இடம் வேண்டும், ஒளி பிடிக்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும்.

கீற்றைக் கண்ணால் பார்க்க ஆசையா? ஒரு டேபிள் ஃபேனை வெயில் நேராக விழும் இடத்தில் ஓடவிட்டு, போனை அருகில் கொண்டுபோய், படுக்கவைத்து ஒரு படம், நிமிர்த்தி ஒரு படம் எடுங்கள். இறக்கைகள் கூர்மையாகவும் கோணலாகவும் வரும், இரண்டு படத்திலும் கோணல் வேறு வேறு பக்கம். அறைக்குள் எடுத்தால் இது சரியாகத் தெரியாது, வெளிச்சம் போதாமல் ஷட்டர் நேரம் நீண்டு இறக்கை கலங்கிப்போய்விடும்.