வியூஃபைண்டர் மங்கலாக இருந்தால் மேக்னிஃபிகேஷன் மீது பழி போடாதீர்கள்

போன வாரம் இன்னொரு யாஷிகா எலக்ட்ரோ 35 பழுதுபார்க்கும் மேசைக்கு வந்தது. பழைய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அது, வியூஃபைண்டரின் நடுக் கட்டத்தில் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் வகை. மேல் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஹாஃப் மிரரை (ஒளியில் ஒரு பகுதியை ஊடுருவ விட்டு, மீதியைத் திருப்பும் கண்ணாடி) ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்திருக்கிறார்கள். பூச்சு மொத்தமும் பஞ்சோடு போய்விட்டது. ஃபோகஸ் பார்க்கும் நடுக் கட்டம் இப்போது இல்லவே இல்லை. கொண்டுவந்த தம்பி காசிமேட்டில் விடியற்காலையில் படம் எடுப்பவர். "மேக்னிஃபிகேஷன் கம்மியா இருந்தாத்தான் பளிச்சுன்னு தெரியும்னு சொன்னாங்கண்ணே. வேற கேமரா வாங்க காசு இல்ல, அதான் இதையே துடைச்சுப் பார்த்தேன்" என்றார். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இந்தப் பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. மேக்னிஃபிகேஷன் என்பது வியூஃபைண்டர் காட்சியை எந்த அளவில் காட்டுகிறது என்பது, 0.58 என்றால் நேரில் தெரிவதில் 0.58 மடங்கு. 0.58 வியூஃபைண்டர் வெளிச்சமானது, 0.85 இருட்டானது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். தவறு. பைனாகுலர் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்துவதால் வரும் குழப்பம் இது. 10×25 பைனாகுலரில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 2.5 மி.மீ.தான். இருட்டில் நம் கண்மணி அதைவிடப் பெரிதாக விரியும். அதனால் அந்திநேரத்தில் மங்கலாகத் தெரியும். அங்கே அது சரி. ரேஞ்ச்ஃபைண்டரின் வியூஃபைண்டரோ தலைகீழாகத் திருப்பிய கலிலியோ தொலைநோக்கி. உருவத்தைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டுகிறது. அதிலிருந்து வரும் ஒளிக்கற்றை கண்மணியைவிட அகலம். எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகும் என்பதை முடிவு செய்வது உங்கள் கண்மணிதான். 0.58 ஆனாலும் 0.85 ஆனாலும் சுவர் அதே சுவர், வெளிச்சமும் அதே வெளிச்சம். 0.58-ல் காட்சி அதிகம் அடங்கும், வானமும் கொஞ்சம் கூட விழும். அதைப் பார்த்துத்தான் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றுகிறது.

மேக்னிஃபிகேஷன் மாற்றுவது ஃபோகஸின் துல்லியத்தை. லைக்கா எம்6 டிடிஎல் 0.58, 0.72, 0.85 என மூன்று வகையிலும் வந்தது. வியூஃபைண்டர் ஜன்னலுக்கும், நடுக் கட்டத்துக்கு உருவம் தரும் சின்ன ஜன்னலுக்கும் இடையே 69.25 மி.மீ. அதை 0.58-ஆல் பெருக்கினால் சுமார் 40, 0.85-ஆல் பெருக்கினால் சுமார் 59. இந்த எண் பெரிதாக ஆக ஃபோகஸ் துல்லியமாகும். 90 மி.மீ. லென்ஸின் அபர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து எடுப்பவருக்கு அந்த வித்தியாசம் படத்திலேயே தெரியும். 28 மி.மீ. போடுகிறவரும் கண்ணாடி அணிந்தவரும் 0.58 பக்கம் போகலாம், 0.85-ல் 28-க்கான கோடே (படத்தின் எல்லையைக் காட்டும் சட்டம்) கிடையாது. கண்ணில் பொருத்தும் 1.25, 1.4 உருப்பெருக்கிகளும் வெளிச்சத்தைத் தின்பதில்லை. கூடுதல் கண்ணாடி திருப்பி அனுப்பும் அளவு மட்டுமே குறையும், அது மிகச் சொற்பம்.

அப்புறம் ஏன் மங்குகிறது? நம் பக்கத்துக் காற்றைப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே வீடுகள். ஈரம், உப்பு, பூஞ்சை. தோல் உறையில் போட்டு பீரோவில் வருஷக்கணக்கில் பூட்டிவைத்தால் உள்கண்ணாடிகளில் பனிபோல ஒரு படலம் படரும். ஹாஃப் மிரரின் பூச்சும் வயதாக ஆக மங்கும். (லைக்கா எம்3 கீழே விழுந்து ப்ரிசத்தின் ஒட்டு விட்டுப்போனால் வியூஃபைண்டரே கறுத்துவிடும். அது வேறு நோய், வேறு வைத்தியம்.)

சோதிப்பது எளிது. வெயில் படும் வெள்ளைச் சுவரை ஒரு கண்ணால் வியூஃபைண்டர் வழியாகவும் மறு கண்ணால் நேராகவும் பாருங்கள். கொஞ்சம் குறைவது இயல்பு. புகை மூட்டம் போலத் தெரிந்தால் அழுக்கு. காட்சி தெளிவாக இருந்து நடுக் கட்டம் மட்டும் வெளிறியிருந்தால், சின்ன ஜன்னலிலோ ஹாஃப் மிரரிலோ கோளாறு. அதைச் சரிசெய்யும் வரை, வியூஃபைண்டரின் முன்ஜன்னல் நடுவில் கடுகளவு கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள், கட்டம் எடுப்பாகத் தெரியும்.

வெளி ஜன்னல்களை மெல்லிய லென்ஸ் துணியால் துடையுங்கள், அதோடு கையை எடுத்துவிடுங்கள். ஹாஃப் மிரரை ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், பஞ்சு, விரல் எதுவும் தொடக்கூடாது. பழைய பூச்சு ஈரப் பஞ்சுக்கே உரிந்துவிடும். உரிந்தால் அதே தடிமனில் புதுக் கண்ணாடி வெட்டிப் பொருத்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் உருவங்களைத் திரும்ப இணைக்க வேண்டும். செலவு, பல நேரம் கேமராவின் விலையைத் தாண்டிப் போகும். தோல் உறையைத் தனியாக வையுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். தயவுசெய்து, மேல் மூடியின் திருகாணியில் கை வைக்கும் முன் மெக்கானிக் யாரிடமாவது காட்டிவிடுங்கள். பார்த்துச் சொல்ல நாங்கள் காசு கேட்பதில்லை.