பின்னால் வளையும் முட்டி

"என் மகனுக்கு 15 மாதம். தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிறான். பிடித்துக்கொண்டு நின்றால் முட்டி பின்பக்கம் வளைகிறது. டாக்டர் மூட்டுத் தளர்வு என்கிறார். வாக்கர் வாங்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

வேண்டாம். ஏன் என்று சொல்ல, முதலில் மூட்டுக்குள் போய் வர வேண்டும்.

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருப்பவை லிகமென்ட் என்னும் நார்கள். அவற்றில் பெரும்பகுதி கொலாஜன் புரதம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நார் கூடுதலாக இழுபடும். பல குடும்பங்களில் வழிவழியாக வருவது, பெரும்பாலும் நோயே அல்ல.

என்னைச் சொக்க வைப்பது அடுத்த படி. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கணுக்கால் எப்படி வளைந்திருக்கிறதென்று பார்க்காமலே தெரிகிறதல்லவா? தசைகளுக்குள், நூல் நூற்கும் கதிர் வடிவில் நுண்ணிய உணர்விகள் புதைந்திருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று ஓயாமல் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. லிகமென்டிலும் மூட்டு உறையிலும் இருக்கும் உணர்விகளோ நார் விறைக்கும்போதுதான் உரக்கப் பேசும். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிறு தொய்ந்துவிடும். வாளி எப்படிக் கிடக்கிறதென்று கைக்குத் தெரியாது. இழுத்தால்தான் கனம் தெரியும். தளர்ந்த மூட்டும் அப்படித்தான்.

என் அக்கா மகள் சோபாவைப் பிடித்து நின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயிறு சோபா விளிம்பில் சாய்ந்திருக்கும், கணுக்கால் உள்பக்கம் சரிந்திருக்கும், முட்டி வில்லாகப் பின்னால் போயிருக்கும். சோம்பல் என்றார்கள் வீட்டில். அவள் நார் விறைக்கும் கடைசி எல்லையைத் தேடிப்போய் நின்றிருந்தாள். அங்கே தசைக்கு வேலை குறைவு, தகவலும் தெளிவு.

நாரை இறுக்க மருந்து இல்லை. தசையைப் பழக்கலாம். பாதம் முழுசாகத் தரையில் படும் உயரத்தில் ஒரு குட்டி முக்காலியில் உட்கார வைத்து, பொம்மையை எதிரே நாற்காலி மேல் வையுங்கள். எழுவான், எடுப்பான், உட்காருவான். நிற்கும்போது கீழே ஒரு பந்தை உருட்டினால் குனிந்து குந்துவான். முட்டி பாதி மடங்கிய நிலையில் தசைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கதிர் உணர்விகள் சுறுசுறுப்பாகப் பேசும். வீட்டுக்குள் வெறுங்கால் போதும். இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்து நடத்தாதீர்கள், இடுப்பில் பிடியுங்கள். ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முழங்கை சட்டென்று பிசகிவிடும். எண்ணெய் தேய்த்து நீவுவது சுகம்தான். மூட்டை முறுக்கி இழுப்பது இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது.

வாக்கரில் பாரத்தை இருக்கை சுமக்கிறது, குழந்தை நுனிக்காலால் உந்துகிறது. சமநிலை பழகுவதற்கு அங்கே இடமே இல்லை. படிக்கட்டில் உருண்ட விபத்துகள் வேறு. கனடா 2004-இலேயே வாக்கருக்குத் தடை விதித்துவிட்டது.

எப்போது கவலைப்படலாம்? டெல்லிக் குழந்தைகளையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் வித்தியாசமாக இருந்தால், கற்றதை மறந்தால், குழந்தைநல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். தோஷம் என்று தள்ளிப்போட வேண்டாம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கர்நாடகத்தின் கலபுரகி அருகே மாற்றுத்திறன் குழந்தைகளை, குணமாகும் என்று நம்பி, கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அந்தப் பெற்றோர் அவரிடம் போயிருப்பார்கள் என்றே நம்புகிறேன். அரசுப் பணம் அதற்குத்தான் முதலில் போக வேண்டும்.

வாக்கருக்குப் பதில் நம் பழைய மர நடைவண்டியை வாங்குங்கள். அதில் பாரம் குழந்தையின் காலில்தான். வெறும் வண்டி தளர்ந்த குழந்தைக்கு முன்னால் ஓடிவிடும். அதனால் அக்கா அடிச்சட்டத்தில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டினாள். 20-ஆம் மாதம் ஒருநாள் மகள் அதை வாசல் வரை தள்ளி வந்தாள், கையை விட்டாள், நின்றாள். முட்டி லேசாக முன்னால் மடங்கியிருந்தது.