வாழைப்பழம் குழைகிறது, தர்பூசணி கல்லாகிறது

உறைந்த தர்பூசணித் துண்டுகளை மிக்ஸியில் அரைத்தால் பனித்தூளும் நீரும்தான் மிஞ்சும். அதே ஃப்ரீசரில் அதே இரவு முழுவதும் கிடந்த வாழைப்பழத் துண்டுகளை அரைத்தாலோ, பாலும் சர்க்கரையும் சேர்க்காமலேயே, கரண்டியில் வழுவழுவென்று நிற்கும் ஐஸ்கிரீம் பதம் வந்துவிடுகிறது. இரண்டிலும் பெரும்பகுதி நீர்தான். தர்பூசணியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 91 கிராம், வாழைப்பழத்தில் 75 கிராம். அந்த நீரில் எவ்வளவு உறைகிறது, உறைந்தது எவ்வளவு நுண்ணிய துகளாக இருக்கிறது என்ற இரண்டையும் கவனித்தால், பாலில்லாத பழ ஐஸ்கிரீமுக்கு எந்தப் பழம் ஏற்றது என்பது விளங்கும்.

பாலில் செய்த ஐஸ்கிரீம் என்பது பனிப் படிகங்கள், உறையாமல் எஞ்சிய சர்க்கரைப் பாகு, கொழுப்பு, காற்று ஆகிய நான்கும் கலந்த கலவை. கடையில் வாங்கும் ஐஸ்கிரீமின் கன அளவில் பாதிவரைகூடக் காற்றாக இருப்பதுண்டு. வீட்டில் பழத்தை மட்டும் வைத்துச் செய்யும்போது கொழுப்பு அநேகமாக இல்லை, காற்றும் குறைவு. ஆகவே மென்மை முழுவதையும் பாகும் படிகங்களின் அளவுமே தந்தாக வேண்டும்.

1 கிலோ நீரில் 1 மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) கரைபொருள் கரைந்தால் அதன் உறைநிலை 1.86 டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. 1 மோல் என்பது நாம் கடையில் வாங்கும் சர்க்கரையில் 342 கிராம். பழங்களில் உள்ள குளுக்கோஸிலும் ஃபிரக்டோஸிலும் 180 கிராம் மட்டுமே. எனவே எடைக்கு எடை, இவ்விரண்டும் வெள்ளைச் சர்க்கரையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு வலுவாக உறைதலைத் தடுக்கின்றன. குளிரக் குளிர நீர் மட்டும் பனியாகப் பிரிந்துபோக, எஞ்சும் பாகு மேலும் மேலும் அடர்த்தியாகி, உறைய மறுக்கிறது. 100 கிராம் பழுத்த வாழைப்பழத்தில் சுமார் 12 கிராம் சர்க்கரை உண்டு, தர்பூசணியில் 6 கிராம். இந்தச் சர்க்கரையை மட்டும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், மைனஸ் 6 டிகிரியில் வாழைப்பழத்தின் நீரில் நான்கில் ஒரு பங்கு உறையாமல் இருக்கும். தர்பூசணியிலோ பத்தில் ஒரு பங்குதான். ஒன்று குழைவதற்கும் மற்றொன்று கல்லாவதற்கும் முதற்காரணம் இந்த இடைவெளியே.

சர்க்கரையின் அளவு பழுத்த நிலையைப் பொறுத்தது. வாழைக்காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து; பழுக்கும்போது அதில் மிகப்பெரும்பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. கூடவே, செல்சுவரில் கரையாமல் இறுகிக் கிடந்த பெக்டின் என்ற ஒட்டுப்பொருள் கரையும் நிலைக்கு வந்து, அரைத்த கூழுக்குப் பசைத்தன்மை தருகிறது. பாலில் புரதமும் கொழுப்பும் செய்யும் வேலையில் ஒரு பகுதியை, அதாவது நீரைப் பிடித்துவைத்துப் படிகங்கள் ஒன்றோடொன்று சேராமல் காப்பதை, இங்கே பெக்டினும் நார்ச்சத்தும் செய்கின்றன. ஆகவே தோலில் கரும்புள்ளி விழுந்து, வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் பழமே இதற்கு மிகச் சிறந்த பழம். அரைகுறையாகப் பழுத்ததைப் போட்டால் துவர்ப்பும் மாவு வாடையும்தான் மேலோங்கும்.

படிகத்தின் அளவைத் தீர்மானிப்பது உறையும் வேகம். மெதுவாக உறைந்தால் படிகங்கள் குறைவாகத் தோன்றிப் பெரிதாக வளர்கின்றன. அவை சுமார் 50 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் நாக்கு மணல்போல் உணரத் தொடங்கும். பழத்தை விரற்கடை கனத்தில் நறுக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி உறையவைக்கச் சொல்வது இதனால்தான். மறுநாள் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால் முதலில் ரவைபோல் உதிரும். பலரும் இந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றிய நீர் பாகை நீர்க்கச் செய்து, பின்னர் பனியாகவே மாறும். ஓரங்களை வழித்துவிட்டு மேலும் சிலமுறை ஓட்டினால், கத்தியின் உராய்வில் வெப்பநிலை சற்றே ஏறி, பாகு இளகி, ரவை திடீரென்று களிம்பாகத் திரளும்.

திரண்டதை உடனே உண்பது நல்லது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் மீண்டும் வைத்தால் எஞ்சிய நீரிலும் பெரும்பகுதி உறைந்து இறுகிவிடும். கதவைத் திறந்து மூடுவதால் வெப்பநிலை ஏறி இறங்கும்போது சிறு படிகங்கள் கரைந்து, அந்த நீர் பெரிய படிகங்களின் மேல் படிகிறது. நாளுக்கு நாள் நறநறப்பு கூடுவது இப்படித்தான்.

மாம்பழத்தில் சர்க்கரை ஏறத்தாழ 14 கிராம் இருந்தாலும் நீர் கூடுதல், வாழைப்பழத்தின் பசைத்தன்மையும் கிடையாது. நாரில்லாத பங்கனபள்ளியோ இமாம்பசந்தோ எடுத்து, தேங்காயின் முதல் பாலைச் சேர்த்தால் குறை தீரும். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்து, வாயின் சூட்டில் உருகுவதால் பாலேட்டை நினைவூட்டும் வழுவழுப்பு வருகிறது. அளவு மிஞ்சினால் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கும் என்பதால், உறையவைக்கும் முன் கூழ் சற்றுத் தித்திப்பாகவே இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பும் சில துளி எலுமிச்சையும் சுவையைத் தூக்கிக்காட்டும்.

ஆரோக்கியம் என்ற சொல்லை இங்கே அளந்துதான் பயன்படுத்த வேண்டும். தேங்காய்ப்பாலின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. தேனும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தால் அவையும் சர்க்கரைக் கணக்கில்தான் ஏறும். வெறும் பழத்தில் நார்ச்சத்து அப்படியே தங்குவதும், வெளியிலிருந்து சர்க்கரை சேராததும் உண்மையான ஆதாயங்கள். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் மூன்று வாழைப்பழத்தை ஐஸ்கிரீமாக்கி உண்டாலும் அது மூன்று வாழைப்பழம்தான். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: இந்தியாவில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று விற்கப்படுபவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்குமே தவிர, பால் பொடி பெரும்பாலும் இருக்கும். பெயரை நம்பாமல் உட்பொருள் பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

தர்பூசணியைக் குழைய வைத்தே தீர வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி வாழைப்பழம் கலக்கலாம். ஆனால் வாழையின் மணம் அதை விழுங்கிவிடும். சிசிலித் தீவினர் கிரனிட்டா என்ற பனிச்சிதறல் இனிப்புக்குச் செய்வதுபோல், படிகத்தோடு சண்டையிடாமல் அதையே சுவையாக்கிக்கொள்வது மேல். சாற்றை அகலத் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கீறிவிட்டால், மூன்று மணி நேரத்தில் சிவந்த பனிச்சிதறல் தயாராகிவிடும்.