சுவர் இறங்கும் வீடு

பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் மரவீடு கட்ட விரும்புவோரில் பலர் காட்டு மரத்தையும் தச்சரையும் தேடிப் போவதில்லை. ஆலையில் அறுத்து, முனைகளில் காடி வெட்டி, எண்ணிட்டுக் கட்டிய மரங்களாக வீட்டையே ஒரு தொகுப்பாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு சிறிய தோட்ட அறைக்கான தொகுப்பை, வரைபடத்தைப் பார்த்தபடி இரண்டு பேர் ஓரிரு நாளில் எழுப்பிவிட முடியும். விளம்பரங்கள் இந்த எளிமையைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. கட்டி முடித்த பிறகு அந்தச் சுவரின் உயரம் குறையும் என்பதை அவை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

வெட்டிய மரத்தில் நீர் இரண்டு வகையாகத் தங்கியிருக்கிறது. செல்களின் உட்குழியில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அதனால் எடைதான் குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்போது செல்சுவரில் பிணைந்திருந்த நீர் விலகத் தொடங்குகிறது. சுவரிலுள்ள செல்லுலோஸ் நுண்நார்கள் அப்போது ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்த நார்கள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுவதால், மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. பச்சைப் பைன் மரம் முழுவதுமாக உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 8 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 4 விழுக்காடும் சுருங்க, நீளத்தில் அரை விழுக்காடுகூடச் சுருங்குவதில்லை. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வதும், அகலவாக்கில் இறுக்குவதும் இதே காரணத்தால்தான்.

மரவீட்டின் சுவரில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஆகவே சுவரின் நீளம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. கூரையின் பாரத்தில் பொருத்துகள் அமுங்குவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். மரத்தின் வகையையும் உலர்வையும் பொறுத்து, மீட்டருக்கு 10 முதல் 50 மில்லிமீட்டர் வரை இறக்கம் வைத்துக் கணக்கிடுவது வழக்கம். சரியாக உலராத முழு மரத்தில் இரண்டரை மீட்டர் சுவர் எழுப்பினால், 12 சென்டிமீட்டர்வரை இறங்கக்கூடும். பல துண்டுகளை ஒட்டிச் செய்த மரம் மிகக் குறைவாக இறங்குவதால், விலை கூடினாலும் பலர் அதையே வாங்குகிறார்கள். அது வீண்செலவு என்று சொல்ல முடியாது.

இறங்கும் சுவருக்குள் இறங்காத பொருள்கள் சில இருப்பதுதான் சிக்கல். சன்னல் நிலை சுருங்காது. அதன் தலைக்கு மேல் இடைவெளி விடாவிட்டால், இறங்கிவரும் மரம் நிலையின்மேல் அமர்ந்து கண்ணாடியையே நெரிக்கும். இல்லையேல் மேல்மரங்கள் நிலையில் தங்கிப்போய், பக்கத்துப் பொருத்துகள் வாய்பிளக்கும். எனவே சன்னல் திறப்பை ஒட்டிய மரங்களின் முனையில் செங்குத்தாகக் காடி எடுத்து, அதில் ஒரு கட்டையைச் செருகி, அந்தக் கட்டையோடுதான் நிலையைப் பொருத்துகிறார்கள். சுவர் கட்டையை ஒட்டி வழுக்கி இறங்கும், நிலை அசையாது.

திண்ணைத் தூணின் கதை இன்னும் சுவையானது. அதே ஆலையில் அறுத்த அதே பைன் மரந்தான், ஆனால் அது நிமிர்ந்து நிற்கிறது. நார்கள் மேல்கீழாக ஓடுவதால் அதன் உயரம் குறைவதில்லை. சுவர் இறங்கித் தூண் இறங்காவிட்டால் கூரை ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். இதற்காகவே தூணின் அடியிலோ தலையிலோ ஒரு திருகுத் தாங்கி வைக்கப்படுகிறது. வீட்டுக்காரர் அவ்வப்போது பெரிய ஸ்பானரால் சில சுற்றுத் திருகித் தாழ்த்த வேண்டும். கூரையின் இரு சரிவுகளுக்கும் இடையே முக்கோணமாக எழும் கூம்புச்சுவரையும் கிடைமரத்தால் எழுப்பியிருந்தால், உயரம் அதிகமான கூரைமுகடு ஓரங்களைவிட அதிகமாக இறங்கும், கூரையின் சரிவே சற்று மாறும். அதனால் கூரைச் சட்டங்களின் அடிமுனை சுவரோடு இறுக்கப்படாமல், நகரும் தாங்கிகளில் அமர்த்தப்படுகிறது.

44 மில்லிமீட்டர் பலகையில் வரும் தோட்ட அறையிலும் இதே விதிதான். நாக்கும் காடியுமாகக் கோத்த பலகைகளைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினால் போதும், ஆணி தேவைப்படாது. கோடையில் ஈரம் 4 விழுக்காடு குறைந்தாலே இரண்டு மீட்டர் சுவர் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கி, குளிர்காலத்தில் மீண்டும் ஏறும். உரிமையாளர் அலமாரி மாட்டுவதற்காக ஒரு நெட்டுச்சட்டத்தை ஐந்தாறு பலகைகளோடு சேர்த்துத் திருகிவிட்டால், சுருங்கும் பலகைகள் கீழிறங்க வழியின்றி அந்தரத்தில் தொங்க, இடையே பகல் வெளிச்சம் தெரியும். பலத்த காற்றைத் தாங்குவதற்காக உள்ளே பொருத்தும் செங்குத்துச் சட்டங்களில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை இருப்பதும், அதில் போல்ட்டை முழுமூச்சாக இறுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தொகுப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அடித்தளப் பிழையை அது திருத்தாது. நான்குக்கு மூன்று மீட்டர் அறையென்றால், மூலைக்கு மூலை இருபுறமும் சரியாக 5 மீட்டர் வர வேண்டும். ரசமட்டத்தின் குமிழி எல்லாப் பக்கமும் நடுவில் நிற்க வேண்டும். வாங்கும்போது மரத்தின் ஈர விழுக்காட்டையும், தரைப்பலகையும் பூச்சுமருந்தும் விலையில் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

சன்னலுக்கு மேல் விட்ட இடைவெளியில் அமுங்கக்கூடிய கம்பளியை அடைத்து, வெளியே ஒரு மறைப்புப் பட்டையை வைப்பார்கள். அந்தப் பட்டைக்கு ஆணியடிக்கும்போது, நிலையிலோ சுவரிலோ ஏதேனும் ஒன்றில் மட்டுமே அடிக்க வேண்டும்.