காலால் தட்டி வேகம் பிடிப்பது: கிட்டார் டிலேயின் கணக்கு

மார்த்தாண்டம் பக்கத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாட்டு தொடங்கும்போது, கிட்டாருக்கு எதிரொலி சேர்க்கும் டிலே பெடலின் ஸ்விட்சைக் காலால் இரண்டு முறை தட்டி வேகத்தைப் பிடிக்கிறாராம். ஒரு ஞாயிறு எதிரொலி டிரம்ஸோடு ஒட்டி நிற்கிறது, அடுத்த ஞாயிறு அதே பாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. பெடலில் கோளாறா, தன் காலில் கோளாறா என்பது அவருடைய கேள்வி.

இரண்டு தட்டோடு நிறுத்திக்கொள்வதுதான் கோளாறு. காரணம் சொல்கிறேன்.

டிலே பெடல் கிட்டாரின் ஒலியை நினைவகத்தில் பதிந்து, குறித்த நேரம் கழித்துத் திருப்பித் தருகிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 துடிப்பு என்றால், 60,000ஐ 96ஆல் வகுக்க வேண்டும். ஒரு துடிப்புக்கு 625 மில்லி செகண்ட். கிட்டார்காரர்கள் விரும்பும் ‘டாட்டட் எய்த்’ எதிரொலிக்கு அதில் முக்கால் பங்கு, ஏறத்தாழ 469. நாடாவில் ஓடிய பழைய எதிரொலிக் கருவிகளில் மோட்டாரின் வேகம் அலையும். இன்றைய டிஜிட்டல் பெடலுக்குள் இருப்பது குவார்ட்ஸ் கடிகாரம். ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து மாதிரி எடுக்கும் பெடல், 625 மில்லி செகண்டை 30,000 மாதிரிகள் என்று எண்ணிவிடும். பிழை வருவதென்றால் நாம் தட்டிக் கொடுக்கும் எண்ணில்தான் வர வேண்டும்.

அந்தப் பிழை வளரும் என்பதைக் கவனிக்க வேண்டும். 625க்குப் பதில் 655 என்று பதிவாகிவிட்டால் முதல் எதிரொலி 30 மில்லி செகண்ட் தாமதம், இரண்டாவது 60, நான்காவது 120. இந்த வேகத்தில் ஒரு துடிப்பின் கால் பங்கே 156தான். நான்காவது எதிரொலி வரும்போது டிரம்மர் வேறு ஊரில் இருப்பார்.

இனி நான் மிகவும் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். சீராகத் துடிப்பொலி எழுப்பும் மெட்ரோனோமோடு சேர்ந்து தட்டச் சொன்னால் மனிதர்கள் பெரும்பாலும் ஒலிக்குச் சற்று முன்னதாகவே தட்டுகிறார்கள். 20 முதல் 50 மில்லி செகண்ட் வரை முந்துவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இது குறைவு. கோயில் திருவிழா மேடையில் டிரம்ஸிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றால், நம் ஊர் வெப்பத்தில் ஒலி வந்து சேர இன்னொரு 29 மில்லி செகண்ட் ஆகும். இத்தனை பிழையோடு வேகம் எப்படிச் சரியாக வரும்?

வரும். பெடலுக்குத் துடிப்பு எங்கே விழுகிறது என்பதில் அக்கறை இல்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே அதற்கு வேண்டும். எல்லாத் தட்டும் 40 மில்லி செகண்ட் முந்தினால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அந்த 40 மறைந்துபோகிறது. தூரத்தால் வரும் தாமதமும் அப்படியே கழிந்துவிடும். எஞ்சுவது தட்டுக்குத் தட்டு மாறும் தடுமாற்றம் மட்டும். அதை அடக்க வழி சராசரி.

பல பெடல்கள் கடைசிச் சில தட்டுகளின் இடைவெளிகளைக் கூட்டி வகுக்கின்றன. ஐந்து தட்டுக்கு நான்கு இடைவெளி. அவற்றைக் கூட்டிப் பாருங்கள்: இரண்டாவது, மூன்றாவது, நான்காவது தட்டுகளின் நேரங்கள் ஒருமுறை கூட்டலிலும் ஒருமுறை கழித்தலிலும் வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிச்சம், கடைசித் தட்டின் நேரத்திலிருந்து முதல் தட்டின் நேரத்தைக் கழித்தது மட்டும். தென்னந்தோப்பில் முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுப்பதைப் போன்றது இது. நடுவில் ஒரு மரம் ஓரடி முன்னே பின்னே நட்டிருந்தாலும் சராசரி மாறாது.

முதல் தட்டு 15 மில்லி செகண்ட் முந்தி, கடைசித் தட்டு 15 பிந்தியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டே தட்டு என்றால் 30 முழுவதும் எதிரொலியில் ஏறும். ஐந்து தட்டு என்றால் நான்கால் வகுபட்டு ஏழரை ஆகும். ஒன்பது தட்டு என்றால் நாலுக்கும் குறைவு. கால் அதே கால்தான், திறமை ஒரு துளி கூடவில்லை. நடுவில் ஒரு தட்டு பிசகியதென்று பதறி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறவர்கள், அழிந்துபோகவிருந்த பிழைக்காகக் கவலைப்படுகிறார்கள்.

இதைவிடச் சிறந்த வழியும் உண்டு. எல்லாத் தட்டுகளின் நேரத்தையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, அவற்றுக்கு மிக நெருங்கிய நேர்கோட்டைப் பொருத்தினால் நடுத் தட்டுகளும் வீணாகாமல் உதவும். பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட குறைந்த வர்க்க முறை அது. வால்மீன்களின் பாதையைக் கணிக்க வந்த கணக்கு, பாடகர் குழுவில் காலடியில் வேலை செய்ய முடியும் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

தாளம் பிறவி வரம், வராதவனுக்கு வரவே வராது என்று சொல்லி எத்தனையோ பிள்ளைகளை இசையிலிருந்து விரட்டியிருக்கிறோம். அது மூடநம்பிக்கை. தட்டின் தடுமாற்றம் பயிற்சியால் குறைவதை அளந்தே காட்டலாம். நம் குமரி மாவட்டத்து அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் தட்டுகிறவரைக் கவனியுங்கள். புலவர் கதையின் உச்சத்தில், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலை வேகமாக வீசும்போது, குடம் அவரைத் துரத்தாமல் கூடவே ஏறும். அந்த ஏற்றத்தில் இடைவெளிகள் எத்தனை மில்லி செகண்டாகச் சுருங்குகின்றன என்பதை அளக்க ஒரு கைபேசிப் பதிவும் ஒரு கணினியும் போதும். இத்தகைய ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும். மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே ஒதுக்க வேண்டும்.

கேட்ட இளைஞருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். சில பெடல்கள் கடைசி இரண்டு தட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும், கையேட்டைப் பாருங்கள். அப்படியானால் எத்தனை முறை தட்டினாலும் கடைசி இரண்டுதான் கணக்கு. வெளியே தனி ஸ்விட்ச் இணைத்தால், அழுத்தும்போது மட்டும் தொடுகிற வகையை வாங்குங்கள். ஒருமுறை அழுத்தினால் இணைந்து, மறுமுறை அழுத்தினால் பிரியும் வகையை மாட்டினால், பல பெடல்கள் ஒன்றுவிட்டு ஒரு தட்டையே பார்க்கும், எதிரொலி இரண்டு மடங்கு நீண்டுவிடும். குழுவில் கீபோர்டோ கணினியோ மெட்ரோனோமை ஓட்டுகிறதென்றால், இசைக்கருவிகள் தமக்குள் தகவல் அனுப்பப் பயன்படும் மிடி கேபிள் வழியாகத் துடிப்புக்கு 24 சமிக்ஞை வீதம் வேகத்தைப் பெடலுக்கே அனுப்பலாம், கால் தட்டவே வேண்டாம். டிரம்மர் மனம்போல் வேகம் கூட்டுகிற பாட்டுகளுக்குக் கால்தான் நல்லது. சரணம் தொடங்குமுன் மறுபடி ஐந்து தட்டு தட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எதிரொலி அடங்கிய பிறகு. ஒலித்துக்கொண்டிருக்கும்போது நேரத்தை மாற்றினால், பல பெடல்களில் நினைவகத்தைப் படிக்கும் வேகம் ஒரு கணம் மாறி, சுருதி வழுக்கும்.