கீபோர்டு வாசித்தால் கொயர் நடத்திவிடலாமா?

மறுபடியும் ஒரு சோப்ரானோ (உச்சக் குரலில் பாடும் பெண்) தொண்டை கட்டிப்போய் என்னிடம் வந்திருந்தார். "இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா" என்று மூன்று வாரமாக விரட்டியிருக்கிறார் அவருடைய கொயர் மாஸ்டர், அதாவது சர்ச் பாடகர் குழுவை நடத்துபவர். விசாரித்தால், மாஸ்டர் பியானோவில் 8-ஆம் கிரேடு (கிரேடுத் தேர்வுகளின் கடைசிப் படி) முடித்தவர். எந்தக் குழுவிலும் நின்று பாடியவர் இல்லை.

சலித்துவிட்டது. வாத்தியம் தெரிந்தவருக்குக் குழு நடத்தவும் தெரியும் என்று சபைகள் எதை வைத்து நம்புகின்றன? பியானோவில் கட்டையை அழுத்தினால் சுருதி வந்துவிடும். பாடகரோ ஸ்வரத்தை முதலில் மனதுக்குள் கேட்டு, மூச்செடுத்து, அதன்பிறகுதான் ஒலிக்க முடியும். களைத்தால் சுருதி இறங்கும். அதைக் கேட்டு, காரணம் கண்டு, சரிசெய்வது தனிப் படிப்பு. 1864-இல் ஆர்கன் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், பார்த்தவுடன் சுருதி மாற்றி வாசிப்பதையும் அந்தக் கணத்தில் சொந்தமாக இசை அமைத்து வாசிப்பதையும் சோதித்து உயர்பட்டம் தருகிறது. அந்த அமைப்பே கொயர் நடத்துவதற்கென்று வேறொரு டிப்ளமோவும் வழங்கியிருக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் அது எதற்கு?

முதல் படி, குழுவில் நின்று பாடுவது. மெட்டு இருக்கும் சோப்ரானோ அல்ல. ஆல்டோ (பெண்களின் தாழ்குரல்) அல்லது டெனர் (ஆண்களின் உயர்குரல்). நடுக்குரல்களின் கஷ்டம் தெரியாதவர் அவர்களைத் திட்டத்தான் செய்வார். அடுத்து, சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் (ஆண்களின் தாழ்குரல்) என்ற நான்கு குரல்களில் மூன்றை வாசித்துக்கொண்டே நான்காவதைப் பாடப் பழகுங்கள். இதில் பலருக்கு மாதங்கள் போகும், போகட்டும். கைவீச்சு அதற்குப் பிறகு. அதிலும் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அசைவுதான் உயிர்: வேகம், சத்தத்தின் அளவு, மூச்சு எல்லாம் அந்த ஒரு வீச்சில் தெரிய வேண்டும். அது சரியாக இருந்தால் "ஒன், டூ, த்ரீ" என்று எண்ண வேண்டியதே இல்லை.

ஆலய இசைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சபை பாடும் பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் டி-யை (நடு சி-க்கு அடுத்த மேல் ஸ்தாயியின் D) தாண்டினால் இறக்கி வாசியுங்கள். இல்லாவிட்டால் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று நீங்கள் வருந்துவீர்கள்.

குரலைப் பதப்படுத்தாமல் ஒத்திகையைத் தொடங்காதீர்கள். குரல் உடையும் வயதுப் பையன்களை மேலே தள்ளாதீர்கள், வெளியேயும் அனுப்பாதீர்கள். வசதியான நாலைந்து ஸ்வரங்களுக்குள் பாடட்டும். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒத்திகையில் கத்திப் பாடிக் காட்டாதீர்கள், உங்கள் குரலும் குரல்தான்.

சபைப் பெரியவர்களே, தயவுசெய்து புதியவரிடம் குழுவை உடனே ஒப்படைக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக ஓராண்டு நிற்க விடுங்கள். தம்பி, தங்கைகளே, நீங்கள் நடத்துவதைக் காணொளியில் பிடித்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே மூச்சு என்று கைகளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், அடுத்த ஒத்திகைக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.