வெளிநாடு செல்லும் முன் உங்கள் பின் எண்ணைக் கவனியுங்கள்

நான் வங்கி ஒன்றின் கார்டு பிரிவில் பணிபுரிகிறேன். ‘கணக்கில் பணம் இருக்கிறது, கார்டும் கையில் இருக்கிறது, ஏடிஎம் மட்டும் பின் எண் தவறு என்கிறது’ என்று வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் பின் எத்தனை இலக்கம் என்பதைத்தான். எண்ணைச் சொல்லிவிடாதீர்கள் என்று சேர்த்தே எச்சரிப்பேன்; பதற்றத்தில் பலர் ஒப்பித்துவிடுகிறார்கள்.

பின் எண் 4 முதல் 12 இலக்கம் வரை இருக்கலாம் என்பது ஐஎஸ்ஓ 9564 என்ற சர்வதேசத் தரம். சுவிட்சர்லாந்தில் ஆறு இலக்கம் வழக்கம். ஆனால், நான்கு இலக்கத்துக்கு மேல் ஏற்காத இயந்திரங்கள் பல நாடுகளில் உண்டு. ஆறு இலக்கப் பின் வைத்திருப்பவர் அங்கே முதல் நான்கை மட்டும் அழுத்திப் பார்த்தால், அது தவறான முயற்சியாகக் கணக்கில் ஏறும். எனவே பயணத்துக்கு நான்கு இலக்கமே பாதுகாப்பு என்பேன். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணையும் சில இயந்திரங்கள் ஏற்பதில்லை. முதல் இலக்கம் வேறாக இருக்கட்டும்.

அடுத்த சிக்கல், எண்ணை மனம் மறந்து விரல் மட்டும் நினைவில் வைத்திருப்பது. பழகிய விசைப்பலகையில் மேலிருந்து கீழ், பிறகு வலது மூலை என்று விரல் தானாகவே ஓடும். 7, 8, 9 மேல்வரிசையில் இருக்கும் பலகையின் முன் அந்தப் பழக்கம் உதவாது. சில தொடுதிரைகளில் எண்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறி வரும். விசைகளில் உள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒரு சொல்லாக நினைவில் வைத்திருப்பவர்களும் எழுத்தே இல்லாத பலகையின் முன் திகைத்து நிற்கிறார்கள். புறப்படும் முன், பலகையைப் பார்க்காமல் உங்கள் பின்னை இலக்கம் இலக்கமாக மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால், இன்னும் சில நாள் பழகுங்கள்.

பிறந்த தேதியைப் பின்னாக வைப்பது எங்குமே ஆபத்து, பயணத்தில் பேராபத்து. பாஸ்போர்ட்டும் கார்டும் பெரும்பாலும் ஒரே பையில் இருக்கின்றன. பையை எடுத்தவன் கையில் கார்டு, பிறந்த தேதி இரண்டுமே கிடைத்துவிடும். நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவனுக்கு, கார்டு முடங்கும் முன் பெரும்பாலும் கிடைக்கும் மூன்று வாய்ப்பு ஒன்றுமே இல்லை. நாள்-மாதம், மாதம்-நாள், பிறந்த ஆண்டு என்று முயல்பவனுக்கு மூன்றே போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்த தேதி அறிந்த திறமையான திருடனுக்குப் பதினொன்று முதல் பதினெட்டு பணப்பைகளுக்கு ஒன்று என்ற அளவில் கார்டு பயன்பட்டுவிடும் என்று மதிப்பிட்டது. திருமண நாள், வாகன எண், கைபேசியின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவையும் வேண்டாம். உங்களைப் பற்றிய எந்தத் தாளிலும் இல்லாத எண்ணே நல்ல எண்.

பின்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு மாற்றாதீர்கள். சில கார்டுகளில் வங்கியின் கணினியில் மட்டுமன்றி, சிப்பிலும் பின் பதிவாகியிருக்கும். செயலி வழியாக மாற்றினால் சிப்பில் பழைய எண்ணே தங்கிவிடக்கூடும். வங்கியின் ஏடிஎம்மில் செருகிப் பயன்படுத்திய பிறகே புதியது ஏறும். ஆகவே ஓரிரு வாரம் முன்பே மாற்றி, ஏடிஎம்மில் ஒருமுறை பணம் எடுத்துச் சோதித்துவிடுங்கள். கிரெடிட் கார்டுக்கும் பின் வாங்கி வையுங்கள். கடையில் கையெழுத்து போதும் என்று இருந்தவர்கள், ஆளில்லாத ரயில் டிக்கெட் இயந்திரத்திலும் பெட்ரோல் பங்கிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்னைத் தலைகீழாக அழுத்தினால் போலீஸ் வரும் என்ற செய்தி இன்னும் சுற்றுகிறது. அது புரளி. அதை நம்பி அழுத்தினால் ஒரு முயற்சி வீணாகும், அவ்வளவுதான்.

இரண்டு முறை தவறினால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவதும் தவறினால் பெரும்பாலும் கார்டு முடங்கிவிடும். சிப்பே முடங்கினால் சில கார்டுகளைச் சொந்த வங்கியின் ஏடிஎம்மில்தான் மீட்க முடியும். வங்கியை அழைக்கும் எண் கார்டின் பின்புறம் இருக்கிறது, உண்மைதான். கார்டு தொலைந்தால் அந்த எண்ணும் சேர்ந்தே போகும். அதைத் தனித்தாளில் எழுதி வேறு பையில் வையுங்கள். கட்டணமில்லா எண்கள் பல வெளிநாட்டிலிருந்து இணைவதில்லை என்பதால், நாட்டுக் குறியீட்டுடன் அழைக்கக்கூடிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.